கதவை மறித்த மேலவை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் சாந்தமானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதினால் படிக்கும் உறவினர்கள் சிரிப்பீர்கள். அதனால் நடந்ததையே எழுதுகிறேன். அண்ணனும், "எதையும் மறைக்காத. நான் பண்ணதையும் எழுது" என்று சொல்லிவிட்டார்.

அம்மா குன்றத்தூர் மலையடிவாரத்தில் பிறந்தவர். தாம்பரத்தில் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, குடிமையியல் பாடம். அந்நாளில் சட்ட மேலவையில் ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் உண்டு. அம்மா ஒரு தேர்தல் விடாமல் வாக்களித்தவர். எண்பத்தாறில் மேலவையை ஒழித்தபோது, என்னவோ அப்பாதான் ஒழித்த மாதிரி அவரோடு சண்டை போட்டார். பிறகு, "கோட்டையில வேணாம்னா போகட்டும், நம்ம வீட்ல நடக்கும்" என்று அறிவித்துவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கைதான் முதலில் பேசும். பெல்ட், துடைப்பக்கட்டை, எது கிடைக்கிறதோ அது. அன்றுமுதல் அவர்களும் நானும் கீழவை, அம்மா மேலவை. நாங்கள் எடுக்கும் எந்த முடிவும் அம்மாவிடம் போக வேண்டும். மேலவையால் எதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மூன்று மாதம் வைத்திருக்கலாம், திருத்தம் சொல்லலாம். கீழவை மறுபடி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு கீழவை சொன்னதே சட்டம். "அப்புறம் எதுக்கு அந்த வெட்டிச் சபை?" என்று அப்பா கிண்டல் செய்வார். "ஆத்திரம் ஆறறதுக்கு" என்பார் அம்மா.

தாம்பரம் பாதையில் பழைய மீட்டர் கேஜ் ரயிலை எடுத்துவிட்ட 2004-ஆம் ஆண்டு, வேறு சாதிக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அதைச் சொல்லத் தனியாக வீட்டுக்குப் போனேன். அப்பா என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி கிழிந்தது. அண்ணன் கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார்.

"பெரும்பாக்கத்துலதானே இருக்கான்? இன்னிக்கே முடிச்சிடறேன்."

அம்மா வாசல் கதவைச் சாத்தி, குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "முடிவு மேலவைக்கு வரணும்டா."

"மேலவையாவது மண்ணாங்கட்டியாவது, நகரு!" என்று அப்பா கத்தினார். அண்ணன் கதவை உடைக்கத்தான் ஓங்கினார். அம்மா நகரவில்லை. அவருடைய வலது முழங்கைக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கதவெல்லாம் ரத்தம்.

ஆட்டோக்காரர், "இன்னாம்மா, கை இப்டி தொங்கிகினு கீது!" என்று பதறினார். அண்ணன் மடியில் சாய்ந்திருந்த அம்மா, அண்ணனிடம்தான் பேசினார். "வேணாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லடா. மூணு மாசம் வெச்சிருக்க உரிமை இருக்கு."

மூன்று மாதம் முடிந்ததும் அம்மாவே கேட்டார்: "திரும்ப அனுப்பறீங்களா?" அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் அழுதார். அந்த முடிவு திரும்ப வரவே இல்லை. அம்மாவின் கையும் நேராகவில்லை. ஓய்வு பெறும்வரை இடது கையால்தான் கரும்பலகையில் எழுதினார். கடைசி மாதங்களில் அண்ணன்தான் அவருக்கு ஊட்டிவிட்டார்.

அம்மாவின் பாடையைத் தூக்கும் நேரத்தில் சித்தப்பா என் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இவன் தோள் குடுத்தா நடக்கறதே வேற!" நாலைந்து பேர் சேர்ந்து என் கணவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அதே வாசலில் அண்ணன் குறுக்கே வந்து இரண்டு கைகளையும் விரித்தார். சித்தப்பா விட்ட அறையில் அண்ணனின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அவர் கையை இறக்கவும் இல்லை, ஓங்கவும் இல்லை.

"இன்னும் அடிங்க சித்தப்பா. மூணு மாசம் கழிச்சுப் பேசிக்கலாம். இப்ப மாப்பிள்ளை முன்னால போகட்டும்."

என் கணவர் முன்பக்கம் தோள் கொடுத்தார். அப்பா பின்னால் நடந்தார்.

அம்மாவின் கைக்குக் கட்டுப் போட்ட மருத்துவருக்கும், அன்று காசு வாங்காமல் போன ஆட்டோக்காரருக்கும், அம்மாவுடன் பணியாற்றிய ஆசிரியைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பா, மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்த மலரை உங்கள் கையில் கொடுப்பவர் என் கணவர்தான். வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கும் நன்றி.