தொப்பிப் படங்கள்

விதைக் கடலையை உடைக்கும் 'பட்பட்' சத்தமும், அதன் தோலிலிருந்து கிளம்பித் தொண்டையில் உறுத்தும் செம்மண் தூசியும், நடுவே பழைய டிவியின் இரைச்சலுமாகத்தான் என் பத்து வயதுக் கோடை விடுமுறை நினைவில் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசி, குரும்பலூரில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிது. மதியத்தில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கேபிள்காரர் தன் சொந்தச் சேனலில் எங்கிருந்தோ கிடைத்த ஆங்கிலக் கேசட்டுகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். எல்லாம் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்கள். நாற்பதுகளில் குறைந்த செலவில் அவசரமாக எடுக்கப்பட்டவை என்பதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு நான் தெரிந்துகொண்டது. துப்பறிகிறவன் எப்போதும் தொப்பியோடே திரிவதால் எங்கள் வீட்டில் அவற்றுக்குத் 'தொப்பிப் படம்' என்று பெயர்.

ஒருவருக்கும் ஆங்கிலம் புரியாது. ஆனாலும் அம்மாவும், அம்மாவின் தங்கையான செல்வி சின்னம்மாவும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்ப்பார்கள். எந்தப் படத்திலும் அதே மாடிப்படி, அதே விளக்கு. கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். காட்ட வேறு எதுவும் இல்லாத இடத்தைப் புகை போட்டு மூடியிருப்பார்கள். "போன வாரம் செத்தவன் இந்த வாரம் போலீசா வந்துட்டான் பாரு" என்று அம்மா சிரிப்பார். துப்பறிகிறவனைத்தான் அவர் முதலில் கொலைகாரன் என்று முடிவு கட்டுவார்.

"செருப்புக் காலோட நடுவூட்டுக்கு வரான், பொம்பளைங்க முன்னாடி தொப்பியக் கழட்டல, அடுத்தவங்க பீரோவத் தொறக்குறான். இவன்தான்டி."

"இல்லக்கா, அவன் கேள்வி கேக்க வந்தவன்" என்பார் சின்னம்மா.

சின்னம்மாவின் கணவர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். பொங்கலுக்குப் பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. தனியே இருக்க வேண்டாமென்று அம்மாதான் தங்கையை இங்கே அழைத்து வந்திருந்தார். "லோடு ஜாஸ்தி, வந்துடுவாரு" என்று எல்லாரும் சொன்னார்கள். அப்பா அரியலூர் போய் விசாரித்துவிட்டு வந்தும் அதையேதான் சொன்னார். சின்னம்மா மேற்கொண்டு கேட்கவில்லை, நம்பியதாகவும் தெரியவில்லை. திரையில் தொப்பிக்காரன் ஒவ்வொருவரிடமாகப் போய் நின்று கேட்பதையும், அவர்கள் முகம் மாறுவதையும், ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் வெளியே வந்துவிடுவதையும் பார்க்கும்போது மட்டும் அவர் கை தானாக நின்றுவிடும்.

ஒருநாள் அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். படத்தில் தொப்பிக்காரன் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கொலைகாரன் யாரென்று அவன் சொல்வதற்குள் சின்னம்மா எழுந்து டிவியை அணைத்தார்.

"மாமா, செத்த உக்காருங்க. அக்கா, நீயும் உக்காரு. அவரு எங்க இருக்காருன்னு உங்க ரெண்டு பேர்ல யாருக்குத் தெரியும்?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். மொழி தெரியாமல் முகங்களை மட்டும் பார்த்துப் பழகியிருந்த எனக்கு அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது.

"மீன்சுருட்டி ஊர்ல இருக்கான் செல்வி" என்றார் அப்பா. "தனியா இல்ல."

"நீ தாங்க மாட்டேன்னுதான்டி..." அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"தாங்க வேண்டியவ நானு. நீ எதுக்குக்கா அத ஒளிச்சு வச்சுத் தாங்குற?"

சின்னம்மா அழவில்லை. மறுநாளே பையை எடுத்துக்கொண்டு அரியலூரில் இருந்த தன் வீட்டுக்கே பஸ் ஏறிவிட்டார். இன்றும் அங்கேதான் துணி தைத்துக்கொண்டிருக்கிறார்.

கேபிள்காரரின் சேனல் போய்விட்டது. மதியத்தில் வீடே ஒரு பெட்டியின் முன்னால் உட்காருவதும் போய்விட்டது. அந்த வகைப் படங்கள் இப்போது போனிலேயே கிடைக்கின்றன. மகள் பள்ளிக்குப் போனபின் போட்டுப் பார்க்கிறேன். வசனமெல்லாம் புரிகிறது, ஆனால் தப்பான ஆளைக் காட்டிச் சண்டை போட யாருமில்லாததால் பாதியில் கண் சொருகிவிடுகிறது.

என் கணவருக்கு வேலை போனதை மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவுக்கு லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். சொன்னால் பயந்துவிடுவாளோ, சொல்லாமல் விடுவது அதைவிடத் தப்போ என்று மாற்றி மாற்றி யோசித்தே களைத்துப்போகிறேன். போன வாரம் சின்னம்மாவிடம், அன்றைக்குத் தெரியாமலே இருந்திருக்கலாமோ என்று கேட்டுப் பார்த்தேன்.

"போடி இவளே. அன்னிக்குத்தான் எனக்கு ஒழுங்காத் தூக்கமே வந்துச்சு. சுத்தி இருக்கறவங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கண்டுபிடிக்கிறதுதான்டி அலுப்பு."

என் மகள் சில நாட்களாக என் முகத்தையும் அவள் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறாள். இன்று பள்ளியிலிருந்து வந்ததும், அவளாகக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.