சில்லருக்குக் கதவு வைத்த மாதம்

தீபாவளி கழிந்த முதல் திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்குக் கதவுகள் பொருத்தப்பட்டன என்று என் நோட்டில் இருக்கிறது. ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் உள்ள காய்கறிக் கடை அது. ஒரு பக்கச் சுவர் முழுக்கத் திறந்த சில்லர், கதவில்லாத குளிர் அலமாரி. கீரை, தயிர், இட்லி மாவு எல்லாம் அந்தக் குளிரில்தான். வெயிலில் வந்தவர்கள் அதன்முன் நின்று இளைப்பாறுவார்கள். இயந்திரத்துக்கு மட்டும் ஓய்வில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் அது நின்றுபோய், கடைக்கார அக்கா தயிரையும் மாவையும் மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போட்டார். மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் கடை தாங்காது என்றார்.

கண்ணாடிக் கதவு வைத்தால் இயந்திரத்தின் பாரம் குறையும் என்று சொன்ன ஆள், ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள், பயனில்லையென்றால் கழற்றிக்கொள்கிறேன் என்றார். தினமும் மூன்று வேளை வெப்பநிலையைக் குறித்துவைக்கும் வேலை எனக்கு வந்தது. நான் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பவன் என்பது அக்காவுக்குத் தெரியும்.

இரண்டு வாரம் எண்கள் இறங்கவில்லை. மத்தியானம் பரவாயில்லை, காலையிலும் மாலையிலும் மோசம். காரணம் வெண்டைக்காய். நம்மவர்கள் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்குவதில்லை. திறந்த கதவை மூடவிடாமல் இடுப்பால் தாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒடிப்பார்கள். அக்கா எடைபோட்டு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்துப் பார்த்தார். யாரும் வாங்கவில்லை. ஷிப்யார்டில் வேலை செய்யும் ஒரு தம்பி, எட்டுப் பேருக்குச் சமைப்பவர், பையைத் திருப்பி வைத்துவிட்டார்.

“ஒடிச்சுப் பாக்காம வாங்கிட்டுப் போனா ரூம்ல என்னைய ஒடிச்சிருவாங்கக்கா.”

பைகளில் காய் கறுத்துப்போனது. பிளாஸ்டிக்கும் வீண்.

மூன்றாவது சனிக்கிழமை பத்தேகாலுக்குப் பதினொரு டிகிரி என்று எழுதிய பிறகுதான் என் கூடையைப் பார்த்தேன். அரைக்கிலோ வெண்டைக்காய், எல்லாம் நுனி ஒடிந்தவை. முந்தைய இரண்டு சனிக்கிழமைகளைப் புரட்டினேன். அதே நேரம், அதே உயர்வு. கதவைத் திறந்துவைத்து ஒடித்தவர்களில் நானும் ஒருவன் என்று அக்காவிடம் சொன்னேன்.

“தெரியும்ண்ணே. சொன்னா நோட்டு எழுத வரமாட்டீங்கன்னுதான் சொல்லல.”

வெட்கத்தை மறைக்க ஒரு கேள்வி கேட்டேன். என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலும் மூன்றாம் நாள் வெண்டைக்காய் கறுத்துவிடும். அதிகக் குளிர் அதற்கு ஆகாது என்று படித்திருக்கிறேன். பிறகு அதை ஏன் சில்லரில் வைக்க வேண்டும்?

“தட்டு காலியா கெடந்தா கடையே காலி மாதிரி தெரியும்லா,” என்றார் அக்கா. ஆனாலும் யோசித்தார்.

மறுநாள் காலை வெண்டைக்காய் கடைவாசல் கூடைக்கு வந்தது, மேலே ஈரத்துணி. சில்லரில் ஒரு தட்டு வெறுமையாகக் கிடந்தது. அன்று முதல் எண்கள் இறங்கின. மாத முடிவில் கதவுக்காரர் திருப்புளியோடு வந்தபோது அக்கா என் நோட்டை அவர் முன் வைத்தார். “இருக்கட்டும், கழட்ட வேணாம்” என்றார்.

எல்லாருக்கும் திருப்தி என்று எழுத முடியாது. கடைக்குள் இப்போது வியர்க்கிறது என்று பலருக்கு மனக்குறை. வெளியே வைத்த காய் மறுநாள் வாடும் என்பதால் அக்கா பாதிதான் வரவழைக்கிறார். பிந்தி வருபவர்களுக்குக் கிடைப்பதில்லை.

நோட்டின் கடைசி வரி: மாலை ஆறு மணி, நான்கு டிகிரி. வெண்டைக்காய் இல்லை, கத்தரிக்காய் வாங்கினேன்.