கல்லைப் பார்த்து வாங்கிய வண்டி

பாபநாசம் சாலையில் எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக வண்டிகளை அடியில் படுத்துப் பார்க்கிறவன் நான். மேலே உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் சொல்லும் காரணங்களை நம்புகிற வழக்கம் எனக்கு இல்லை. "ஏங்க இந்தக் கம்பெனி வண்டிய வாங்குனீங்க?" என்று யாரைக் கேட்டாலும் "மைலேஜ்" என்பார்கள். மைலேஜ் என்பது எங்கள் ஊரில் மரியாதையான பொய். உப்பில்லாத சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, கல்யாண வீட்டு வாசலில் "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லையா, அந்த ரகம்.

வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்துகொண்டிருந்த காலம் அது. டிவியோடு சின்ன லோடு வண்டிகளும் வந்து இறங்கின. பலவான், சாரதி என்று இரண்டு கம்பெனி. பலவான் அகலமானது, முகத்தில் முரட்டுக் கம்பி வைத்தது. சாரதி கொஞ்சம் ஒடுக்கம். இரண்டையும் கழற்றிப் பூட்டியவன் சொல்கிறேன், பெரிய வித்தியாசம் ஒரு மண்ணும் கிடையாது. ஆனால் ஊர் இரண்டாகப் பிளந்துவிட்டது.

ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் வைரக்கண்ணு பலவான் வாங்கினார். ஒன்றியச் செயலாளர் வைத்திருந்தது பலவான் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எதிர்க்கட்சியில் இருந்த செல்லதுரை மறு வாரமே சாரதி வாங்கினார். வைரக்கண்ணு பலவான் வாங்கியதைத் தவிர வேறு காரணம் இல்லை. இருவரும் டீக்கடையில் நின்று மைலேஜைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு அவரவர் பின்னால் இருந்தவர்களும் அப்படியே வாங்கினார்கள். பலவான் வீட்டில் பெண் எடுக்க சாரதி வீட்டார் இரண்டு முறை யோசித்தார்கள். ஒரு நன்மையும் நடந்தது. கட்சி மாறுவது சுலபம், தவணை முடியாத வண்டியை மாற்றுவது கஷ்டம் என்பதால் கட்சி தாவுகிறவர்கள் எண்ணிக்கை எங்கள் ஊரில் குறைந்துபோனது.

இப்படிப்பட்ட ஊரில்தான் வீரையன் வண்டி வாங்கக் கிளம்பினார்.

வீரையனுக்கு அப்போது ஐம்பது வயது. அப்பா காத்தான் பண்ணை வேலைக்காரராக இருந்து, போராடிக் கோயில் நிலத்தில் மூன்று ஏக்கர் குத்தகைப் பதிவு வாங்கியவர். வீரையன் கொஞ்ச காலம் அரிசி மில் லாரியில் கிளீனராகப் போய் ஓட்டக் கற்றார். அப்புறம் கொத்தனார் வேலை. எதையும் இரண்டு முறை அளக்காமல் பேசமாட்டார். பேசினாலும் மூன்று சொல்லுக்கு மேல் செலவு பண்ணமாட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். என் கடைக்கு வந்து வாய் வளர்க்காத ஒரே மனிதர்.

அவருடைய மூன்று ஏக்கரும் இளையபெருமாளின் வயல்களுக்குப் பின்னால் இருந்தது. இளையபெருமாள் பழைய மிராசுதார் வீட்டுப் பிள்ளை. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவர் வீட்டு நாய் பேரில்கூட நிலம் இருந்தது என்பார்கள். நான் பட்டாவைப் பார்க்கவில்லை. எந்த ஆட்சி வந்தாலும் அவருக்கு வேட்டிக் கரை மட்டும்தான் மாறும்.

பின்வயலுக்குப் பாதை கேட்டுக் காத்தான் எழுபதுகளின் தொடக்கத்தில் கொடி பிடித்தார், பதினேழு நாள் ஜெயிலில் இருந்தார். கடைசியில் தாசில்தார் வந்து பார்த்துவிட்டு, 'மாடு பூட்டிய பார வண்டி ஒன்று போய்வரும் அகலத்துக்குப் பாதை விட வேண்டியது' என்று உத்தரவு எழுதினார். மறுநாள் காலையிலேயே இளையபெருமாளின் அப்பா தன் மாட்டு வண்டியை ஓட்டிவந்து பாதை முகப்பில் நிறுத்தினார். அச்சு முனைக்கு இந்தப் பக்கம் ஒரு கருங்கல், அந்தப் பக்கம் ஒரு கருங்கல், இடுப்பளவு உயரத்துக்கு நட்டார். உத்தரவை மீறவும் இல்லை, ஒரு விரல் அதிகமாக விடவும் இல்லை. ஒரு கல்லுக்கு அப்பால் வாய்க்கால், மறு கல்லுக்கு அப்பால் அவர் வயல்.

காத்தானுக்குப் பாதை கிடைத்துவிட்டது. வண்டி இல்லை, மாடும் இல்லை. கொஞ்ச வருஷம் வாடகை வண்டி போனது. அப்புறம் ஊரில் மாட்டு வண்டிகள் ஒழிந்தன. டிராக்டர் அந்தக் கல்லுக்குள் நுழையாது. ஜெயிலுக்குப் போய் வாங்கிய பாதையில் நெல்லைத் தலையில் சுமந்தே நடந்து காத்தான் செத்தார்.

அவருக்குப் பிறகு சுமந்தது மருமகள் நாகம்மாள். வீரையன் வெளியூரில் கொத்து வேலைக்குப் போன வருஷங்களில் ஒற்றை ஆளாகச் சுமந்தார். நாற்பது கிலோ மூட்டை, அரை மைல் தூரம், இருபத்தாறு அறுப்பு. இப்போது அவருக்குக் கழுத்து வலப்பக்கம் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். அந்த ஐப்பசியில் நடவு முடிந்து கரையேறியபோது புருஷனிடம் சொல்லிவிட்டார்.

"இந்தத் தை அறுப்புக்கு ஒரு மூட்டைகூட என் தலையில ஏறாது. நெல்லு வயல்லயே மொளைச்சாலும் சரி."

வீரையன் மறுநாள் விடிந்ததும் கொத்தனார் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் இரண்டு கல்லுக்கும் நடுவே பிடித்தார். இரண்டு முறை அளந்து, முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "துணைக்கு வாங்கண்ணே" என்றார். கடையைச் சாத்திவிட்டு நானும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

முதலில் பலவான் கடை. கண்ணாடி அறை, காப்பி, டை கட்டிய பையன். அவன் குதிரைத்திறனைப் பற்றி மூச்சு விடாமல் பேசினான். வீரையன் காப்பியைக் குடித்துவிட்டுக் கயிற்றை எடுத்து வண்டியின் குறுக்கே பிடித்தார்.

"மைலேஜ் பத்திக் கேக்கவே இல்லையே சார்?"

"அது கெடக்கட்டும் தம்பி. இந்தக் காது மடங்குமா?"

பக்கக் கண்ணாடியைக் கேட்கிறார் என்று பையனுக்குப் புரிய நேரமானது. மடக்கிக் காட்டினான். வீரையன் மறுபடி அளந்தார்.

"நாலு வெரக்கட கூடுதலா இருக்கு. கொறச்சுத் தர முடியுமா?"

"வெலையில மேனேஜர்கிட்ட பேசிப் பாக்கறேன் சார்."

"வெலையில இல்ல தம்பி. வண்டியில."

அந்தக் கடையில் அன்றைக்குச் சிரிக்காதவர் வீரையன் ஒருவர்தான். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். அடுத்த தெருவில் சாரதி கடை. காதை மடக்கி அளந்ததில் பக்கத்துக்கு இரண்டு விரல் மிச்சம் இருந்தது. "இது போதும்" என்றார். விலையையே அதற்குப் பிறகுதான் விசாரித்தார்.

சாரதி ஊருக்குள் வந்த அன்று வைரக்கண்ணு ஆள் விட்டுக் கேட்டார். "ரேஷன் கார்டுலேருந்து கலர் டிவி வரைக்கும் எங்க கையால வாங்கிட்டு, அந்தப் பக்கம் சாஞ்சிட்டியே வீரையா?" சாயங்காலம் செல்லதுரை துண்டோடு வந்து, கட்சியில் சேர்ந்ததற்காக வீரையனுக்குப் போர்த்தினார். "நான் கல்லப் பாத்துல்ல வாங்குனேன்" என்று வீரையன் இரண்டு தரப்புக்கும் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. கல்லைப் பார்த்து வண்டி வாங்குகிற மனிதன் உண்டா? உள்ளே ஏதோ பேரம் நடந்திருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. துண்டு மட்டும் கண்ணாடி துடைக்க உதவியது.

இளையபெருமாளுக்குத்தான் விஷயம் சரியாகப் புரிந்தது. மாட்டு வண்டி ஒழிந்துவிட்டதால் பாதை உரிமையும் ஒழிந்துவிட்டது என்று கோர்ட்டில் அவர் கேஸ் போட்டிருந்தார். இப்போது அவர் அப்பா நட்ட கல்லுக்கு நடுவே ஒரு வண்டி போகப்போகிறது. அதுவும் குத்தகைக்காரன் வண்டி. பதினைந்தே நாளில் பலவானில் விலை கூடின ரகமாகப் பார்த்து வாங்கி வாசலில் நிறுத்தினார். "ஓட்டுனா இதை ஓட்டணும். சாரதியெல்லாம் வண்டியா? தள்ளுவண்டிக்கு இன்ஜின் வச்சது" என்று என் கடையிலேயே நாலு பேர் கேட்கச் சொன்னார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். மைலேஜாம்.

தை பிறந்தது. இளையபெருமாளின் வயல் காய்ந்து கிடந்ததால் அறுப்பு மெஷின் அதன் வழியாகவே உள்ளே போய், பின்பக்கக் களத்தில் எண்பது மூட்டை நெல்லை அடித்துப் போட்டது. கொள்முதல் நிலையத்தில் கூட்டம் குறையட்டும், ஆற அமர ஏற்றலாம் என்று இளையபெருமாள் அதை அங்கேயே விட்டுவிட்டார். வீரையன் ஆள் வைத்து அறுத்து, அடித்து, மூட்டை பிடித்தார். ஏற்றுகிற அன்று சாரதி பாதைக்குத் திரும்பியது. முன்சீட்டில் நாகம்மாள். டயருக்குக் காற்றுப் பார்க்கிற சாக்கில் நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன்.

கல்லுக்குப் பக்கத்தில் இளையபெருமாள் நின்றார். கூடவே கிராம நிர்வாக அலுவலர், கையில் பழைய உத்தரவின் நகல்.

"நில்லு வீரையா. உத்தரவுல என்ன இருக்கு? மாடு பூட்டுன வண்டின்னு இருக்கு. மாடு எங்க?"

வி.ஏ.ஓ. காகிதத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அப்படித்தாங்க எழுதியிருக்கு" என்றார்.

வீரையன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி நடந்தார். ஊரில் மிச்சமிருந்தது ஒரே ஒரு உழவு மாடு. கண்ணாத்தாள் என்கிற கிழவி மாட்டுப் பொங்கலுக்கு மாலை போடுவதற்காகவே அதை வளர்த்து வந்தார். அரை மணியில் வீரையன் அந்த மாட்டோடு திரும்பிவந்தார். நுகத்தடிக்குப் பதில் ஒரு கட்டை, அதிலிருந்து வண்டியின் பம்பருக்குக் கயிறு. மாடு முன்னால் அசை போட்டுக்கொண்டு நடந்தது. வண்டி பின்னால் முதல் கியரில் முனகிக்கொண்டு போனது. இரண்டு காதையும் மடக்கி, கல்லை உரசாமல் உள்ளே நுழைந்து, மூட்டை ஏற்றிக்கொண்டு அதே மாதிரி வெளியே வந்தது.

"என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? எழுதுங்க!" என்று இளையபெருமாள் கத்தினார்.

"மாடு இருக்கு, வண்டி இருக்கு, பாரம் இருக்கு. கல்லுக்குள்ளயும் போயிடுச்சு. இதுல நான் என்னங்க எழுதறது?" என்றார் வி.ஏ.ஓ.

நாலு நடை. இருட்டுவதற்குள் வீரையன் நெல் முழுக்கக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டாயிற்று. ஒவ்வொரு நடைக்கும் நாகம்மாள் முன்சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து போனார். தலையில் பூவைத் தவிர ஒன்றும் ஏறவில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் இரண்டு டியூபுக்குக் காசு வாங்க மறந்துபோனேன்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மழை, தை மாதத்தில் யாரும் கேட்காத மழை. மூன்றாம் நாள் காலை கொஞ்சம் வெறித்தது. தார்ப்பாய்க்கு அடியில் எண்பது மூட்டை. இளையபெருமாளின் வயல் சேறாகிவிட்டது, இறக்கிய டிராக்டர் ஒன்று அச்சு வரைக்கும் புதைந்தது. கெட்டியாக இருந்தது அந்தப் பாதை ஒன்றுதான். நாற்பது வருஷமாகக் காத்தான் வீட்டார் செங்கல் துண்டு கொட்டி மிதித்த பாதை. பலவானைக் கொண்டுவந்து முகப்பில் நிறுத்தினார்கள். கல் இரண்டும் விடவில்லை. நாலு விரல்.

"ஒரு கல்லப் புடுங்கிட்டா போதுங்கய்யா" என்றார் டிரைவர். இளையபெருமாள் வக்கீலுக்குப் போன் போட்டார். வக்கீல் குரல் எனக்கே கேட்டது. "கல்லத் தொட்டீங்கன்னா பாதைய நீங்களே அகலப்படுத்திக் குடுத்த மாதிரி ஆயிடும். கேஸ் போச்சு."

மேற்கே மறுபடி கருத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் வீரையன் சாரதியைக் கொண்டுவந்து பின்னால் நிறுத்தினார். நாகம்மாள் முன்சீட்டிலேயே இருந்தார்.

"ஐயா, நம்ம வண்டியில ஏத்திருவோம். அஞ்சு நடையில முடிஞ்சிடும். வாடகை ஒண்ணும் வேணாம்."

வீரையன் உண்மையாகத்தான் கேட்டார். நெல் முளைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு முடியாது, அது யார் நெல்லாக இருந்தாலும். இளையபெருமாள் சாரதியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். சாரதியைத் தள்ளுவண்டி என்று நாலு பேர் கேட்கச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"உன் வண்டி தாங்காதுப்பா. என்னுது கனமான நெல்லு."

ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே ரக விதை. எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது, விழுங்கிக்கொண்டேன். வீரையன் இரண்டு அடி நகர்ந்து நின்றார்.

மூட்டை தூக்க ஆள் தேடினார்கள். இளவட்டங்கள் திருப்பூரில். பெண்கள் ஒருவரும் வரவில்லை. கடைசியில் இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவரோடு களத்துக்கு நடந்தார். டிரைவர் ஒரு மூட்டையைத் தூக்கி அவர் தலையில் வைத்தார். வெறும் தலை. பாதையில் நாலு எட்டு வைப்பார், நிற்பார், மறுபடி நாலு எட்டு. கல்லை நெருங்கும்போது முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. அங்கேயே மூட்டையைச் சரித்துக் கீழே போட்டார்.

நாகம்மாள் இறங்கினார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் புருஷன் தோளிலிருந்த துண்டை உருவி, வளையமாகச் சுருட்டி, கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"தலைய குனிங்க."

இளையபெருமாள் குனிந்தார். சும்மாட்டை வைத்து அழுத்திவிட்டார்.

"கழுத்த நேரா வச்சுக்குங்க. யார் கூப்புட்டாலும் திரும்பாதீங்க. திரும்புனா என் கழுத்து மாதிரி ஆயிடும்."

திரும்பி வந்து முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். தூறல் ஆரம்பித்துவிட்டது. களத்தில் இன்னும் எழுபத்தொன்பது மூட்டை இருந்தது.