பதின்மூன்றாம் வாய்ப்பாடு

ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்த அந்த சிஸ்டர் என்னை ஒரு நாள்கூட அடிக்கவில்லை. என் கோபமே அதுதான். முதுகில் இரண்டு போட்டு, போய்த் தொலை என்று அனுப்பியிருந்தால் நான் எட்டாவது வரைக்குமாவது படித்திருப்பேன்.

ராயபுரத்தில், மாதா கோயிலை ஒட்டிய கன்னியர் மடத்துப் பள்ளியில் அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பழைய டீச்சர் கல்யாணமாகிப் போனதும் அந்த இடத்துக்கு இவர் வந்தார். சின்ன வயசு. நம் வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருக்கும். தமிழைப் புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்தவர். வந்த அன்றே மேசை மேல் இருந்த பிரம்பை ஆயாவிடம் கொடுத்து, ஒட்டடை அடிக்க வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அடிக்கிற ஆசிரியை தோற்றுப்போன ஆசிரியை. நான் யாரையும் அடிக்க மாட்டேன். யாரையும் பின்னால் விட்டுப் போகவும் மாட்டேன். நாற்பது பேரும் சேர்ந்தே போவோம்."

நாங்கள் கைதட்டினோம். எனக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம். நான் அடிக்குப் பயந்தவள். அடிக்கு மட்டுமா? மேகம் கறுத்தால் பயம், அப்பா துறைமுகத்திலிருந்து பத்து நிமிஷம் பிந்தினால் பயம். இன்றைக்கும் அப்படித்தான், வயசு மட்டும் ஏறியிருக்கிறது.

சேர்ந்து போவது என்றால் என்னவென்று பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் தெரிந்தது. ஒவ்வொருத்தியும் எழுந்து நின்று தப்பில்லாமல் சொல்ல வேண்டும். ஒருத்தி திக்கினாலும் வகுப்பு விடாது. முப்பத்தொன்பது பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு, பதின்மூன்று ஆறு எழுபத்தெட்டு வரைக்கும் வரும். ஏழுக்குப் போனதும் வார்த்தை நின்றுவிடும். வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கடகடவென்று சொல்கிறவள்தான். இங்கே அத்தனை ஜோடிக் கண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எங்கிருந்து வரும்?

எங்கள் தெருக்குழாயில் நாலு மணிக்குத் தண்ணீர் வரும், ஐந்துக்கு நின்றுவிடும். பாதி வீடுகளில் அம்மாக்கள் அந்நேரம் மீன் கூடையோடு வண்ணாரப்பேட்டையில் அலைந்துகொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவரும் பெண்பிள்ளைகள்தான் குடம் பிடிக்க வேண்டும். முதல் நாள் என்னால் எல்லாரும் ஐந்து மணிக்குத்தான் வெளியே வந்தோம். இரண்டாம் நாளும் அப்படியே. வீடுகளில் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் சோறு வெந்தது. திரும்பி வரும் வழியில் என் அத்தை மகள் கன்றிப்போகிற அளவுக்கு என் கையைக் கிள்ளினாள். அவளும் என் வகுப்புதான்.

மூன்றாம் நாளும் கரும்பலகை ஓரத்தில் நின்றேன். எழுபத்தெட்டு. அதற்கு மேல் காற்றுதான் வந்தது. அத்தை மகள் சத்தமில்லாமல் வாயசைத்து விடையைச் சொன்னாள். சிஸ்டர் அவள் உதட்டில் மெல்ல விரலை வைத்துத் தடுத்தார்.

"சொல்லித்தராதே. அவளுக்குள் இருக்கிறது, வரும். நாம் காத்திருப்போம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

அப்போதுதான் வாசல் கேட்டில் குடங்கள் இடிபடும் சத்தம் கேட்டது. அத்தை வியாபாரத்தைப் பாதியில் போட்டுவிட்டு, தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தாள். எல்லார் இடுப்பிலும் காலிக் குடம். கடைசியில் என் அம்மா. சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டுக்குப் போனார்.

"இன்னாம்மா, எங்க பசங்கள இன்னாத்துக்கு அடைச்சி வெச்சிகினு கீறே? கொழா நின்னுபூட்டா நீயா வந்து தண்ணி ஊத்துவே?" என்றாள் அத்தை.

"இந்தப் பிள்ளையை விட்டுவிட்டு மற்றவர்கள் போவது நியாயம் அல்ல."

"அப்ப அவள நீயே வெச்சிக்க. எங்க பசங்கள வுடு!"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "ரெண்டு சாத்து சாத்தும்மா, தானா வரும்" என்றாள் ஒருத்தி.

"நான் அடிக்க மாட்டேன்."

"நீ அடிக்க வேணாம், கேட்டத் தொற, நான் அடிக்கிறேன்" என்றாள் அவளே.

அத்தை என் அம்மா பக்கம் திரும்பினாள். "இன்னா அண்ணி, உம் பொண்ணு வாயில இன்னா கொயக்கட்டயா கீது? இவளால தெருவே நாக்கு வறண்டு கெடக்கணுமா?"

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்து என் இன்னொரு கையைப் பிடித்தாள். சிஸ்டர் தன் கையை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் நான் நடுவில் தொங்கினேன். "வுடுங்க" என்றாள் அம்மா, தணிந்த குரலில். சிஸ்டர் விட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் வாய் தானாக முணுமுணுத்தது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று கடைசி வரை ஒரு தப்பில்லை. அம்மா நடுத்தெருவில் நின்றாள்.

"தெரியுதுல்ல? அத அங்க சொல்றதுக்கு இன்னாடி கேடு?"

நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைலேர்ந்து போவாத" என்றாள்.

அதற்குப் பிறகு நாலு சாயங்காலம் சிஸ்டர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் எண்ணூரில் சித்தி வீட்டில் இருப்பதாக அம்மா சொன்னாள். நானோ அரிசி டிரம்முக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "நாங்கள் காத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்றார் அவர், நாலு நாளும் அதே வார்த்தை.

மடத்துத் தலைவியான பெரிய மதர் உத்தரவு போட்டு வகுப்பை இப்போது மூன்றரைக்கே விடுகிறார்கள் என்று அத்தை மகள் சொன்னாள். ஆனால் புதுப் பாடம் எடுக்கவில்லையாம். "ஒனக்காக இன்னும் பதிமூணுலியே குந்திகினு கீறோம்" என்று பல்லைக் கடித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குழந்தையின் தலையில் முப்பத்தொன்பது பேரைத் தூக்கி வைப்பதற்குப் பெயர் அன்பா? இதை அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற வயசு வந்தபோது அவர் இங்கே இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அத்தை மகள் பையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "ஏய், பதினாலு ஆரம்பிச்சிட்டாங்கடி!"

நான் அங்கேயே குதித்தேன். விட்டது பீடை என்று அவளையும் கட்டிக்கொண்டேன். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி, குழாயடியில் எல்லாருக்கும் முன்னால் முதல் குடமாக வைத்துவிட்டு, தண்ணீர் வருவதற்காகச் சிரித்துக்கொண்டே காத்து நின்றேன்.

பதினான்காம் வாய்ப்பாடு எனக்கு இன்றும் தெரியாது.