ராசியான மெஷினும் கூரத்து முகவரியும்

எங்கள் உத்திரமேரூர் பக்கம் கரண்ட் போவது புதிதல்ல. கரண்ட் திரும்பி வந்த பிறகும் பதினைந்து நிமிடம் ஒரு ரைஸ்மில்லே கையைக் கட்டிக்கொண்டு நின்றதுதான் புதிது. காரணம் நான் வைத்துக்கொடுத்த சர்வர். அது எழுந்தால்தான் எடைமேடை வேலை செய்யும். எடைச் சீட்டு இல்லாமல் நெல்லை உள்ளே விடமாட்டார்கள்.

மில் முதலாளிக்குக் கூரத்தில் ஏற்கெனவே ஒரு மில் உண்டு. அங்கே கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடிய விர்ச்சுவல் மெஷினை அப்படியே நகலெடுத்து, அந்த க்ளோனை இங்கே சர்வராக ஓடவிட்டேன். நகலுக்கு வேறு பெயர் வைக்கப் போனபோது மனிதர் பதறிவிட்டார்.

"அது ராசியான மெஷினும்மா. அது வந்தப்புறந்தான் அந்த மில்லு நல்லா ஓடிக்கினு கீது. பேர மட்டும் மாத்தாத."

படித்த படிப்பை ஓரமாக வைத்துவிட்டுத் தலையாட்டினேன்.

அதன் பிறகு தினமும் இதே தொல்லை. மெமரியைக் கூட்டினேன், டிஸ்க்கை மாற்றினேன், யூபிஎஸ்ஸை வாய் வலிக்கத் திட்டினேன். சர்வர் அசையவில்லை.

ஒருநாள் மதியம் கரண்ட் போய் வந்தது. வாசலில் சாலவாக்கத்திலிருந்து வந்த ஒரு டிராக்டர் நின்றது. நெல் குவியலாகக் கிடக்க, தார்ப்பாய் பாதியைத்தான் மூடியிருந்தது. குத்தகை நிலத்தில் பயிர் வைத்த அக்கா ஒருவர் இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, உன் பொட்டி எப்பதான் கண்ணு தொறக்கும்? மானம் கருத்துக்கினு வருது. நெல்லு நனஞ்சா இவங்க எடுத்துக்க மாட்டாங்க."

"கரண்ட் பண்ற பேஜாரு, அக்கா," என்றேன். வாய்க்கு வந்த முதல் சமாதானம் அதுதான்.

அன்றுதான் திரையில் ஓடும் வரிகளைப் பொறுமையாகப் படித்தேன். ஒவ்வொரு வேலையும் தொடங்கும்போது ஒரே நெட்வொர்க் முகவரியைத் தேடி, பதில் வராமல் இரண்டு நிமிடம் நின்று, அலுத்துப்போய் நகர்ந்தது. அது கூரத்து மெஷினின் முகவரி. இந்தப் பெயருக்கு இந்த முகவரி என்று அங்கே ஒரு கோப்பில் என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். நகலோடு அதுவும் வந்துவிட்டது. பெயரை மாற்றியிருந்தால் அந்தக் கோப்பைத் திறந்திருப்பேன். மாற்றாததால் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாலவாக்கத்து நெல் வாசலில் காத்திருக்க, சர்வர் கூரத்தில் தன்னையே தேடிக்கொண்டிருந்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரே ஒரு வரியைத் திருத்தி மறுபடி போட்டேன். நாற்பது வினாடியில் எழுந்துவிட்டது. ஆனால் நான் அந்த வரியைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே மழை அடித்து ஓய்ந்திருந்தது.

மில் மேஸ்திரி நனைந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "காயவச்சி எடுத்துக்கினு வா," என்றார்.

அந்த அக்கா டிராக்டரில் ஏறும்போது என் முகத்தைப் பார்த்தார். "வுடும்மா. கரண்ட் போனா நீ இன்னா பண்ணுவ?"

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.