சாயங்காலம் முளைத்த கோடு

சங்கம் நடத்துகிறவனுக்குத் தொண்டைதான் தொழிற்கருவி. ஆகவே சளி, இருமல் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டு. படித்தது ஐந்தாவது வரை. மீதிப் படிப்பு முழுவதும் துண்டறிக்கைகளில். அதில் கற்ற முதல் பாடம், அநியாயங்களை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பது.

மேடவாக்கம் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம். அங்கே துப்புரவு வேலை செய்யும் பெண்கள் எங்கள் சங்கத்தார். முதலாவதாக, அவர்களை நேரடி வேலையிலிருந்து நீக்கி ஏஜென்சியிடம் தள்ளினார்கள். இரண்டாவதாக, உடம்பு சரியில்லாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றார்கள். மூன்றாவதாக, அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்ட அறையைப் பூட்டிச் சாமான் அறையாக்கினார்கள். நான்காவதாகத்தான் மூக்கில் விடும் குச்சியைக் கொடுத்தார்கள். வரிசையை மாற்றிவிடாதீர்கள், தோழர்களே. மாற்றினால் அந்தக் குச்சி ஏதோ சுகாதார அக்கறை போலத் தெரியும்.

செல்லும் கோடு

வீட்டிலேயே செய்துகொள்ளும் அந்தச் சோதனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். குச்சியை மூக்கில் சுழற்றி, குட்டி டியூபில் உள்ள நீரில் கலக்கி, பிளாஸ்டிக் பட்டையில் சொட்டு விட வேண்டும். ஒரு கோடு வந்தால் கிருமி இல்லை. இரண்டு வந்தால் இருக்கிறது. இருமல், காய்ச்சல் என்று யார் சொன்னாலும் வீட்டில் சோதித்து போட்டோ அனுப்ப வேண்டும் என்பது ஏஜென்சி உத்தரவு.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு கோடு வந்தது. லீவு கேட்டாள். வீட்டுச் சோதனை செல்லாது, லேப் சான்று கொண்டு வா என்றார்கள். அடுத்த வாரம் வேறொருத்திக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, கோடு ஒன்றுதான். சோதனையே சொல்லிவிட்டது, கிளம்பி வா என்றார்கள். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த கிட். ஏஜென்சி மேலாளருக்கு போன் போட்டு, இது என்ன நியாயம் என்றேன். கோபப்படாமல் பதில் சொன்னார்: "நெகட்டிவ்னா நம்பலாம் சார். பாசிட்டிவ்தான் கொஞ்சம் டவுட்டா இருக்கு."

நாலு பேருக்கு ஒரு கட்டைவிரல்

லீவு போட்டால் சோறு இல்லை என்றால் ஜனங்கள் என்ன செய்வார்கள்? இவர்கள் வசிக்கும் பெரும்பாக்கம் குடியிருப்பில் ஒருத்திக்கு ஒற்றைக் கோடு வந்ததும் அந்தப் போட்டோ மாடி மாடியாக ஏறியது. நாலு பேர் ஒரே போட்டோவை அனுப்பினார்கள். பட்டையைப் பிடித்திருந்த கட்டைவிரலில் மருதாணி இருந்ததை ஒருத்தியும் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர் தனசேகர் கவனித்தான். நாலு பேருடைய கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தான்.

இந்தக் கூத்தில் சேராதவள் கஸ்தூரி. ஆனால் நான் அந்த நாலு பேரையும் திட்டியபோது குறுக்கே வந்தவளும் அவள்தான். நோயோடு வேலைக்குப் போய் மற்றவர்களுக்கும் ஒட்டவைக்கிறார்களே என்றேன். அவள் சொன்னாள்: "ஒரு நாளு படுத்தா துட்ட புட்ச்சிக்கிறான். அத மொதல்ல நீ நிறுத்துண்ணா, அப்பால இவுங்கள திட்டு."

ஜன்னலோரத் தட்டு

அதன் பிறகு போட்டோ ஒழிந்தது. புது வழக்கம் வந்தது. காலையில் கேட்டருகே எல்லோரும் வரிசையாக நின்று மூக்கைக் குடைய வேண்டும். அவரவர் பட்டையில் பெயர் எழுதி, கால் மணி நேரம் காத்திருந்து, எத்தனை கோடு என்று உரக்கச் சொல்லிவிட்டுத் தட்டில் வைக்க வேண்டும். தனசேகர் உடனே சரிபார்க்க வேண்டும். அவனுக்கு அன்று ஏதோ லிஃப்ட் தகராறு. தட்டை ஜெனரேட்டர் அறை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவன் சாயங்காலம்தான் வந்து பார்த்தான்.

கஸ்தூரியின் பட்டையில் மங்கலாக இரண்டாவது கோடு. காலையில் அவள் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தாள். வேலை முடிந்து எல்லோரும் வெளியேறும் நேரத்தில், தனசேகர் அவளைக் கேட்டில் நிறுத்தி, நோயை மறைத்தவள் என்று அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னான். நாளையிலிருந்து வராதே என்றான். அந்தச் சாலையில் கட்டடத்துக்குக் கட்டடம் சூப்பர்வைசர்கள் வாட்ஸப்பில் ஒரே குழு. ராத்திரிக்குள் சேதி போய்விட்டது. இனி அவளுக்கு அந்தச் சாலை முழுக்க ஒரு துடைப்பம்கூடக் கிடைக்காது. என்னிடம் வந்தவள் அழவில்லை, இதைத்தான் சொன்னாள்: "காத்தால நான் பாக்கும்போது ஒண்ணுதாண்ணா கீது. இன்னா மாயமோ, சாயங்காலம் ரெண்டாப்பூட்சி."

பெட்டிக்குள் இருந்த தாள்

ஒரு காலி கிட் பெட்டியை வாங்கி வந்தேன். உள்ளே எட்டாக மடித்த தாள், எறும்பு எழுத்து, ஆங்கிலமும் இந்தியும். மூக்கு மட்டும் தமிழ் மூக்காக இருந்தால் போதும் போலிருக்கிறது. என் ஆங்கிலம் கோர்ட் நோட்டீஸ் படிக்கும் அளவுக்குத்தான். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். முடிவைப் பார்க்க ஒரு நேரக் கெடு போட்டிருந்தது. அது தாண்டினால் பார்க்காதே என்பது போலவும் இருந்தது. அந்த வரிகளுக்குக் கோடிட்டு, தாளை எடுத்துக்கொண்டு கிழக்குத் தாம்பரத்தில் எனக்குத் தெரிந்த மருந்துக்கடைக்குப் போனேன்.

கல்லாவில் இருந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். நான் புரிந்துகொண்டது சரிதான். கெடு தாண்டிய பிறகு பட்டை காயக் காய இல்லாத கோடும் வரலாம், அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றார். இதைக் கிட் விற்கும்போது சொல்வதில்லையா என்று கேட்டேன். "சொல்றோம் சார். எல்லாரும் எத்தன கோடுன்னுதான் கேக்கறாங்க, எப்ப பாக்கணும்னு யாரும் கேக்கறதில்ல."

மேலாளர் அறையில்

தாளை மேலாளரின் மேசையில் வைத்தேன். படித்தார். தனசேகரைப் பார்த்தார். தனசேகர் சுவரைப் பார்த்தான். தவறு நடந்துவிட்டது, கஸ்தூரி நாளைக்கே வரலாம், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். வராத நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்றேன். அவள் வரவில்லையே என்றார். இந்தப் பதிலைக் கேட்டபோது, இவர்களுக்கு எந்தக் கிருமியும் ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தோன்றியது.

என்னோடு வந்திருந்த கஸ்தூரி நாற்காலியில் உட்காரவில்லை. கேட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னதை அதே கேட்டில், அதே ஆட்கள் முன்னால், இல்லை என்று சொல்லவேண்டும் என்றாள். மேலாளர் சலித்துக்கொண்டார். உனக்கு வேலை வேண்டுமா, பேர் வேண்டுமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "பேரு கெட்டுப்போனா எவன் சார் வேல குடுப்பான்? ரெண்டும் ஒண்ணுதான்."

கேட்டில்

கேட்டில் மறுப்புச் சொல்லி அவளை உள்ளே அழைக்கும்வரை யாரும் துடைப்பத்தைத் தொடுவதில்லை என்று பெண்கள் முடிவெடுத்தார்கள். மறுநாள் பத்து மணிக்குள் கட்டடத்தின் கழிப்பறைகள் எங்கள் கோரிக்கையை எல்லா மாடிகளுக்கும் எடுத்துச் சொல்லிவிட்டன. மதியம் மேலாளர் மறுப்பை எழுதிய ஒரு தாளோடு கேட்டுக்கு வந்தார். இரண்டு ஷிப்டுப் பெண்களும் நின்றார்கள். பக்கத்துக் கட்டடங்களின் சூப்பர்வைசர்களையும் நாங்கள் சாட்சிக்கு அழைத்திருந்தோம். சேதியைப் பரப்பியவர்கள் மறுப்பையும் கேட்கட்டும் என்றுதான்.

மேலாளர் முகக்கவசத்துக்குள்ளேயே முணுமுணுவென்று படித்தார். நடுவில் இரண்டு தடவை இருமினார். அவர் மூக்கில் குச்சி விட யாரும் வரவில்லை. படித்து முடித்துத் தாளை மடிக்கப் போனார். "ஒண்ணும் கேக்கல சார்," என்றாள் கஸ்தூரி. "அன்னிக்கி அந்தாள் சொன்னது பஸ் ஸ்டாண்டு வரிக்கும் கேட்டுச்சி. நீயும் அப்டி படி."

மேலாளர் கவசத்தைத் தாடைக்கு இறக்கினார். பெயரைக் கெடுத்தபோது தானாக உரக்க வந்த குரலை, திருப்பித் தரும்போது மட்டும் நாங்கள் கேட்டு வாங்கவேண்டியிருந்தது: "துப்புரவுப் பணியாளர் கஸ்தூரி நோயை மறைக்கவில்லை."