அண்ணனின் கறுப்புக் காண்டெசாவும் என் அவசரமும்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதித் தரச் சொன்னார்கள் அண்ணி. எழுதுகிறேன். உறவினர்களாகிய உங்களிடம் இந்த ஓராண்டாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அண்ணியிடம் நேற்றே சொல்லிவிட்டேன்.

அண்ணன் பிறந்தது கீழ்பென்னாத்தூரில். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விவசாயம் செய்துவந்த எங்கள் அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். இயந்திரவியல் படிக்க ஆசைப்பட்ட அண்ணன் அதை விட்டுவிட்டு, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தரானார். என்னைப் படிக்க வைத்தவரும் கட்டிக்கொடுத்தவரும் அவர்தான். ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

தமக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு பழைய கறுப்புக் காண்டெசா கார் மட்டுமே. விடுமுறை நாளெல்லாம் அதன் அடியில்தான் கிடப்பார். கோப்புகளில்கூட அவருடைய கிரீஸ் விரல் பதிந்திருக்கும் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்களாம்.

என் மகளின் திருமணத்துக்குத் தாய்மாமனாக அவர் கொடுத்த வாக்கு, அவளை அந்தக் காரில் மண்டபத்துக்கு அழைத்துப்போவது. ஆனால் பின் சக்கர ஆக்சில் தேய்ந்து, வண்டி ஓடும்போது ஊளையிட்டது.

“மாமா, இந்தச் சத்தத்தோட நான் வரமாட்டேன்” என்றாள் மகள்.

“ஏன், மேளக்காரங்களுக்குக் குடுக்கறது மிச்சம்தானே?” என்றார் அண்ணன்.

வேலூர் பக்கம் வேறொரு ஆக்சில் கிடைத்தது. அதை மாற்ற, கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர் ஏழுமலை வந்தார். திருமணத்துக்கு ஒரு வாரம் முந்தைய வெள்ளிக்கிழமை அது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரும்பு ஸ்டாண்டுகளை அவர் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். எடுத்துவரக் கிளம்பினார்.

பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன்.

“ஒரு போல்ட்ட லூஸ் பண்ணி வெச்சுட்டா ஆரம்பிச்ச மாதிரிதாம்மா” என்றார் அண்ணன்.

“கல்யாண வேலைண்ணா. தொட்டுட்டு அரைகொறையா நிறுத்தக்கூடாது.”

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வீடு கட்ட இறக்கியிருந்த சிமென்ட் கல் நான்கை எடுத்துவந்து, ஜாக்கியால் தூக்கிய வண்டியை அவற்றின் மேல் நிறுத்தினார். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் சிக்கிக்கொண்ட ஏழுமலை போனில் கூப்பிட்டார். அண்ணனின் கை முழுக்க கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“சார், கூட்டம் ஜாஸ்தி. லேட்டாவும். நான் வர்ற வரைக்கும் அடியில போவாதீங்க.”

“நிறுத்தாதண்ணா, ராகு காலம் வந்துடும்” என்றேன். ஏழுமலைக்கும் அது கேட்டது.

பழைய ஆக்சிலின் கடைசி போல்ட்டை அண்ணன் அடியில் படுத்தபடி நெம்பியபோது வண்டி ஆடி, கல் ஒன்று பொடிந்து, வண்டி அவர் மேல் இறங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

கருமாதியன்று பந்தலில் ஒருவர், “ஸ்டாண்டு எடுக்கப் போனவன் ஊரையா சுத்திக்கினு இருந்தான்?” என்று ஏழுமலையின் காதுபடக் கேட்டார். ஏழுமலை என்னை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு உங்களில் பலர் அவரிடம் வண்டி விடுவதையே நிறுத்திவிட்டீர்கள்.

தள்ளிவைத்திருந்த மகளின் திருமணத்தை மேளமில்லாமல் நடத்தினோம். அவள் வண்டியில் கிளம்பினால், போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லும்வரை நான் போனைக் கீழே வைப்பதில்லை. எனக்கு எதுவும் ஆறவில்லை.

போன வாரம் ஏழுமலையை இந்த நினைவு நாளுக்கு அழைக்கப் போனேன். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“நீ சொன்னத நான் யாரண்டயும் சொல்லலம்மா. சொல்லவும் மாட்டேன். அந்த வீட்டுக்கு மட்டும் என்ன கூப்புடாத” என்றார்.

அன்று வண்டியைத் தூக்கி அண்ணனை வெளியே எடுத்த அண்டை வீட்டாருக்கும், ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கும், திருமணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்த சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் நன்றி. ஏழுமலை மீது எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது. நான் சொல்லியிருக்க வேண்டியதை எனக்காக ஓராண்டு சொல்லாமல் பழியைச் சுமந்தவர் அவர். முதல் நன்றி அவருக்குத்தான். அதை வாங்கிக்கொள்ள அவர் வரமாட்டார்.